ஏற்காடு பஸ்ஸில் பாதித் தண்ணீர் பாட்டில்: விசையும் இயக்கமும் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் மாலை ஆறு மணிக்கு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் அறிவியல் படிக்க வருகிறார்கள். ஜூன் மாதம் புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாள் புத்தகத்தைத் திறக்க விடமாட்டேன். தரையில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிடுவேன். அது சுவர்வரை போகாமல் பாதியிலேயே நின்றுவிடும். "ஏன் நின்றது?" என்று கேட்பேன். ஏறக்குறைய எல்லா ஆண்டும் ஒரே பதில்தான் வரும்: "விசை தீர்ந்துவிட்டது சார்."

வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல குண்டுக்குள் இருந்த விசை தீர்ந்துவிட்டதாம். விசை, இயக்கம் பற்றிய குழப்பம் முழுவதும் இந்த ஒரு பதிலில் முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் 'விசையும் இயக்கமும்', ஏழாம் வகுப்பிலும் 'விசையும் இயக்கமும்', எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' என்று மூன்று ஆண்டுகள் பாடம் வருகிறது. மூன்று ஆண்டுகளிலும் வரையறையை ஒப்பித்து மதிப்பெண் வாங்கிவிட்டு, இந்த முடிச்சை அப்படியே பத்தாம் வகுப்புக்குச் சுமந்து போகிறவர்கள் நிறையப் பேர். அதை அவிழ்க்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். ஒன்று வீட்டில், இன்னொன்று ஏற்காடு பஸ்ஸில்.

தேவையான பொருள்கள் எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும்: நான்கைந்து ரப்பர் பேண்டு, தகர ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று, கோலிக்குண்டு, ஜூஸ் கடைக் காகிதக் குவளை, அளவுக் குறி போட்ட ஒரு குவளை, நூல், அடிக்கோல், நேராக நிற்கும் தண்ணீர் பாட்டில், நொடி காட்டும் கடிகாரம் அல்லது அம்மாவின் செல்போன். கோடு போடாத நோட்டு ஒன்றும் வேண்டும். கோடு போட்ட நோட்டில் பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தப் பாடத்தில் எழுதுவதைவிட வரைவதுதான் அதிகம்.

முதல் படி: சொந்தமாக ஒரு தராசு

ரப்பர் பேண்டை ஓரிடத்தில் கத்தரித்து ஒற்றை இழையாக்குங்கள். ஒரு முனையைச் சுவர் ஆணியில் கட்டி, மறுமுனையில் ஒரு பேப்பர் கிளிப்பைக் கொக்கியாக மாட்டுங்கள். இழைக்குப் பின்னால் சுவரில் ஒரு நீளக் காகிதத்தை ஒட்டுங்கள். கொக்கியில் வெறும் காகிதக் குவளையைத் தொங்கவிட்டு, கொக்கி நிற்கும் இடத்தில் 0 என்று குறியுங்கள். இப்போது குவளையில் 100 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். கொக்கி இறங்கும் இடம் 1. இன்னொரு 100 மில்லி ஊற்றினால் 2. இழை தாங்குகிறவரை இப்படியே போகலாம்.

நீங்கள் குறித்த 1 என்பது கிட்டத்தட்ட 1 நியூட்டன். 100 மில்லி தண்ணீரின் நிறை 100 கிராம். அதைப் பூமி இழுக்கும் விசை 0.98 நியூட்டன். நம் வேலைக்கு 1 என்றே வைத்துக்கொள்ளலாம். 400 கிராம் மல்கோவாவை உள்ளங்கையில் வைத்தால் கைக்குத் தெரிவது ஏறத்தாழ 4 நியூட்டன். நியூட்டன் என்ற அலகு புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஏதோ ஒன்று என்று நினைக்கிற பிள்ளைகள், ஒரு மாம்பழம் கையில் கனத்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

குறிகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்காது. ரப்பரின் குணம் அது. பள்ளி ஆய்வகத்துச் சுருள்வில் தராசில் கோடுகள் சீராக இருக்கும். நம்முடையதில் கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, எந்தக் குறியில் எத்தனை நியூட்டன் என்று தெரிந்தால் சரி.

இரண்டாம் படி: ஜாமெட்ரி பாக்ஸை இழுப்பது

பாக்ஸுக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் கனமாக்குங்கள். ஒரு நூலைக் கட்டி, குறித்து வைத்த அதே ரப்பரை அதில் மாட்டி, தரையை ஒட்டி மெதுவாக இழுங்கள். இழையின் நீளத்தை அடிக்கோலால் அளந்து, சுவரில் எந்தக் குறிக்கு அது பொருந்துகிறது என்று பாருங்கள். அவசரப்படாதீர்கள். வேடிக்கை முதல் இரண்டு நொடியில்தான் இருக்கிறது. ரப்பர் நீளும், நீளும், பாக்ஸ் அசையாது. சட்டென்று அசையும். அசைந்த உடனே ரப்பர் கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும். நகரத் தொடங்குவதற்குக் கூடுதல் விசை, நகர்ந்துகொண்டிருக்கும்போது குறைந்த விசை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்திய வீட்டில் இதற்கு விளக்கமே தேவையில்லை. நிலை உராய்வு, நழுவு உராய்வு என்று புத்தகம் பிரிப்பது இந்த இரண்டையும்தான்.

அதையே கோரைப்பாய் மேல் இழுத்துப் பாருங்கள், பவுடர் தூவிய கேரம் போர்டு மேல் இழுத்துப் பாருங்கள், அடியில் நான்கு உருண்டைப் பென்சில்களை வைத்து இழுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து எழுதுங்கள். பிறகு ஒரு பந்தயம் கட்டுங்கள்: பாக்ஸைப் படுக்க வைத்து இழுப்பது கடினமா, பக்கவாட்டில் நிறுத்தி இழுப்பது கடினமா? படுக்க வைத்தால் தரையைத் தொடும் பரப்பு அதிகம், அதனால் உராய்வும் அதிகம் என்று வீட்டுப் பெரியவர்கள் உட்பட எல்லோரும் சொல்வார்கள். இழுத்துப் பார்த்தால் இரண்டிலும் ரப்பர் ஏறக்குறைய ஒரே அளவுதான் நீளும். உராய்வு, பாக்ஸ் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் இரண்டு பரப்புகளின் தன்மையையும் பொறுத்தது. தொடும் பரப்பு கூடுவதாலோ குறைவதாலோ பெரிய மாற்றம் இல்லை. மேலே ஒரு புத்தகத்தை ஏற்றி வைத்து மறுபடி இழுத்தால், தரையை அழுத்தும் விசை கூடியதும் ரப்பர் நீள்வதைப் பார்க்கலாம்.

இந்தப் படியில் நான் அதிகம் நின்று பேசுவது வேறு ஓர் இடத்தில். பாக்ஸ் ஒரே சீராக நகர்ந்துகொண்டிருக்கும்போது ரப்பர் 1 நியூட்டன் காட்டுகிறது என்று வையுங்கள். நீங்கள் முன்னால் இழுப்பது 1 நியூட்டன். வேகம் கூடவில்லை, குறையவில்லை. அப்படியானால் தரை பின்னால் இழுப்பதும் 1 நியூட்டன்தான். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மொத்த விசை சுழியம், ஆனாலும் பாக்ஸ் போய்க்கொண்டிருக்கிறது. நோட்டில் பாக்ஸை வரைந்து, இரு பக்கமும் ஒரே நீளத்தில் இரண்டு அம்புக்குறி போடுங்கள். முன்பக்க அம்பைக் கொஞ்சம் நீட்டிப் போட வேண்டும் என்று கை துடிக்கும். துடிக்கட்டும், போடாதீர்கள்.

மூன்றாம் படி: கோலிக்குண்டுக்குத் திரும்புவது

ஒரு பலகையைப் புத்தகத்தின் மேல் சாய்த்து, எப்போதும் ஒரே உயரத்திலிருந்து குண்டை விடுங்கள். கீழே முதலில் சாக்கு, அடுத்து பாய், அடுத்து சிமெண்டுத் தரை, கடைசியில் டைல்ஸ். எங்கள் மாடியில் சாக்கின் மேல் ஒரு முழம்கூடப் போகாத குண்டு, டைல்ஸில் சுவரை முட்டும். குண்டு ஒன்றே, விட்ட உயரமும் ஒன்றே. உள்ளே இருந்த 'விசை' தீர்ந்துபோகிறது என்றால் எல்லாத் தரையிலும் ஒரே தூரத்தில் அல்லவா தீர்ந்திருக்க வேண்டும்? தரை வழுவழுப்பாக ஆக ஆகத் தூரம் கூடுகிறது. முற்றிலும் உராய்வே இல்லாத தரை கிடைத்தால்?

ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் கலீலியோவும் சாய்தளத்தில் குண்டு உருட்டித்தான் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தார். நிற்கவே நிற்காது, போய்க்கொண்டே இருக்கும் என்பது அவர் கண்ட முடிவு. அதுவரை, தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை ஏறக்குறைய 2000 ஆண்டுகளாக உலகம் நம்பியிருந்தது. ஆகவே "விசை தீர்ந்துவிட்டது சார்" என்று சொன்ன பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை. பெரிய கூட்டம் ஒன்று அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. கலீலியோ தொட்டதை 1687இல் நியூட்டன் விதியாக எழுதினார்: மொத்த விசை சுழியமாக இருக்கும்வரை, நிற்கும் பொருள் நிற்கும், நகரும் பொருள் அதே வேகத்தில் அதே நேர்கோட்டில் நகரும். இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர்.

இனிமேல் "இது ஏன் ஓடுகிறது?" என்று கேட்காதீர்கள். "இதன் வேகத்தையோ திசையையோ மாற்றுவது யார்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவோம்.

நான்காம் படி: கிலோமீட்டர் கல்லும் கடிகாரமும்

பெரியவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோர இருக்கை வேண்டும், ஆனால் கையோ தலையோ வெளியே போகக் கூடாது. மலைப்பாதையில் எதிரே வரும் வண்டி உரசுகிற தூரத்தில் வரும். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

கோரிமேடு தாண்டியதும் சாலையோரக் கிலோமீட்டர் கல்லைக் கவனியுங்கள். ஒரு கல்லைக் கடக்கும்போது கடிகாரத்தை ஓடவிட்டு, அடுத்த கல்லில் நொடியைக் குறியுங்கள். 3600ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னோடு வந்தபோது நான்கு கிலோமீட்டருக்கு எடுத்த கணக்கு: 72 நொடி, 90 நொடி, 150 நொடி, 180 நொடி. வேகம் முறையே மணிக்கு 50, 40, 24, 20 கிலோமீட்டர்.

"சராசரி வேகம் என்ன?" என்று கேட்டேன். 50, 40, 24, 20ஐக் கூட்டி நான்கால் வகுத்து 33.5 என்றாள். தவறு. மொத்தத் தொலைவு 4 கிலோமீட்டர், மொத்த நேரம் 492 நொடி. வகுத்துப் பார்த்தால் 29.3தான் வருகிறது. ஏன் குறைந்தது? மெதுவாகப் போன கிலோமீட்டரில் பஸ் அதிக நேரம் கழித்திருக்கிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் 180 நொடி, 50 கிலோமீட்டர் வேகத்தில் 72 நொடி மட்டும். இரண்டுக்கும் சம மரியாதை கொடுத்துக் கூட்டினால் கணக்கு பொய்யாகத்தானே போகும்? சராசரி வேகம் என்றால் மொத்தத் தொலைவு வகுத்தல் மொத்த நேரம், அவ்வளவுதான். வேகங்களின் சராசரியை எடுக்கவே எடுக்காதீர்கள். தேர்வில் இந்த வலையை விரித்துத்தான் கேள்வி வரும்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நான்கு அளவுகளை வரைபடத்தாளில் போடுங்கள். கிடையாக நேரம், செங்குத்தாகத் தொலைவு. பஸ் மலை ஏற ஏற, தாளில் கோடு படுத்துக்கொண்டே போகும். முதல்முறை பார்க்கிற பிள்ளைகள், மலையேறும் கோடு மேலே அல்லவா போக வேண்டும் என்று குழம்புவார்கள். வரைபடம் மலையின் படம் கிடையாது. கோடு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ அவ்வளவு வேகம், எவ்வளவு படுத்திருக்கிறதோ அவ்வளவு நிதானம்.

அலகு மாற்றும்போது ஒரே ஓர் எண்ணை மனத்தில் வையுங்கள்: மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். மற்றதெல்லாம் அதன் பாதி, இரு மடங்கு. 5ஆல் பெருக்கி 18ஆல் வகுக்கும் சூத்திரம் சரியானதுதான், ஆனால் தலைகீழாக எழுதிவிட்டால் தப்பு கண்ணுக்குத் தெரியாது. 36க்கு 10 என்று நினைவிருந்தால் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: பாட்டில்

தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி மூடி, தொடையின் மேல் நேராக நிறுத்திப் பிடியுங்கள். அடிவாரம் வரும்வரை பெரிய ஏற்றம் இல்லை, அதுதான் இதற்கு ஏற்ற இடம். இப்போது தண்ணீரின் மேல்மட்டத்தை மட்டும் பாருங்கள்.

நிறுத்தத்திலிருந்து பஸ் கிளம்புகிறது. தண்ணீர் பின்பக்கம் ஏறி, முன்பக்கம் தாழும். பஸ்ஸின் வேகம் நொடிக்கு நொடி, நொடிக்கு 1 மீட்டர் என்று கூடினால், 7 சென்டிமீட்டர் அகலப் பாட்டிலில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். கண்ணால் பார்க்கலாம், அடிக்கோலும் வைக்கலாம். வேகம் கூடும் வீதத்துக்கு முடுக்கம் என்று பெயர். உங்கள் கையில் இருப்பது முடுக்கத்தை அளக்கும் கருவி. பிரேக் போட்டால் தண்ணீர் முன்பக்கம் ஏறும்.

இரண்டுக்கும் நடுவே, பஸ் சீராக மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடுகிறதே, அந்த நேரத்தில் பாருங்கள். குலுக்கலில் சிற்றலை எழும்பினாலும் தண்ணீர் மட்டமாக நிற்கும். பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. பாட்டிலுக்கு, 50 கிலோமீட்டர் வேகமும் ஓய்வும் ஒன்று. வேகம் இருப்பது அதற்குத் தெரியாது, வேகம் மாறுவது மட்டுமே தெரியும். அந்த நேரத்தில் ஒரு காசை ஓர் அடி உயரத்துக்குச் செங்குத்தாகச் சுண்டிவிட்டால், அது பின்சீட்டுக்காரர் மடியில் விழாமல் உங்கள் கையிலேயே வந்து விழும். காசும் உங்களோடு அதே 50 கிலோமீட்டரில் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க யாரும் இல்லை.

"அப்படியென்றால் சீராகப் போகும்போது எஞ்சின் எதற்கு சார்? அணைத்துவிடலாமே?" என்று கேட்ட பையனைத் தட்டிக்கொடுத்தேன். ஜாமெட்ரி பாக்ஸுக்கு ரப்பர் எதற்கோ, பஸ்ஸுக்கு எஞ்சினும் அதற்கே. காற்றும் சக்கரங்களும் அச்சும் பின்னால் இழுப்பதை ஈடுகட்டத்தான் எஞ்சின் முன்னால் உந்துகிறது.

முடுக்கத்தை ஒப்பிட ஒரு மாம்பழம் போதும். பஸ் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 10 நொடி எடுத்தால் அதன் முடுக்கம் நொடிக்கு நொடி 1 மீட்டர். 5 மீட்டர் உயரக் கிளையிலிருந்து விழும் மாம்பழம் ஏறக்குறைய ஒரே நொடியில் தரையைத் தொடும், தொடும்போது அதே 36 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பூமி தரும் முடுக்கம் 9.8. மரத்தடியில் நிற்காதே என்று பாட்டிமார் சொல்வதில் பௌதிகம் இருக்கிறது.

விசைக்கும் முடுக்கத்துக்கும் உள்ள உறவுதான் நியூட்டனின் இரண்டாம் விதி: விசை சமம் நிறை பெருக்கல் முடுக்கம். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை ஏற்றும் தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் வண்டி 60 கிலோ, உராய்வு போக மிஞ்சும் தள்ளு விசை 60 நியூட்டன் என்றால் முடுக்கம் 1. மூட்டையோடு சேர்ந்து 240 கிலோ ஆனால், அதே தள்ளுக்கு முடுக்கம் கால்தான். நிறுத்துவதற்கும் அதே கணக்கு என்பதால்தான் பாரம் ஏற்றிய வண்டிக்கு முன்னால் யாரும் குறுக்கே ஓடக் கூடாது.

ஆறாம் படி: கொண்டை ஊசி வளைவு

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். வளைவில் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று சீராக நுழைந்து அதே 18இல் வெளியேறினால் வேகம் மாறவில்லை. ஆனால் மேற்கே பார்த்து நுழைந்த பஸ் கிழக்கே பார்த்து வெளியே வருகிறது. வேகத்தோடு திசையையும் சேர்த்துச் சொல்வதே திசைவேகம், அது தலைகீழாக மாறிவிட்டது. திசைவேகம் மாறினால் முடுக்கம் உண்டு, முடுக்கம் இருந்தால் விசை உண்டு. பாட்டிலைப் பாருங்கள், வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் ஏறியிருக்கும். தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். வளைவில் பஸ் சுற்றி வந்தது 60 மீட்டர் என்றால் அது தொலைவு. ஜன்னலுக்குக் கீழே, கல் எறியும் தூரத்தில், சற்று முன் வந்த சாலை தெரியும்; அங்கிருந்து இங்கே வரை உள்ள நேர்கோட்டு இடைவெளி, திசையோடு சேர்த்து, இடப்பெயர்ச்சி.

வளைவில் நீங்கள் பக்கத்திலிருப்பவர் மேல் சாய்வீர்கள். "வெளியே தள்ளும் விசை" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தள்ளியது யார் என்று தேடிப் பாருங்கள். உங்களை வெளிப்பக்கம் தொட்டுத் தள்ளும் பொருள் எதுவும் இல்லை. உங்கள் உடல் நிலைமத்தால் நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் உங்கள் அடியிலிருந்து திரும்பிவிடுகிறது. இருக்கையின் உராய்வும் பக்கத்துப் பலகையும் உங்களை உட்பக்கம் இழுத்துத் திருப்புகின்றன. பஸ்ஸைத் திருப்புவது சாலை: டயருக்கும் தாருக்கும் இடையே உள்ள உராய்வு வளைவின் மையம் நோக்கி இழுக்கிறது. அதற்கு மையநோக்கு விசை என்று பெயர். உராய்வைப் பகைவன் மாதிரி நடத்தும் பிள்ளைகள், மழையில் இந்தச் சாலை நனைந்திருக்கும்போது ஒரு முறை வந்து பார்க்கட்டும்.

வேகம் இரட்டித்தால் திரும்பத் தேவையான விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. வளைவின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 18 கிலோமீட்டரில் தேவைப்படும் முடுக்கம் சுமார் 2. மணிக்கு 36 என்றால் 8க்கும் மேல். நல்ல காய்ந்த சாலையில் நல்ல டயர் தரக்கூடிய பிடிப்பே ஏறத்தாழ அவ்வளவுதான்.

சாலை ஏன் இப்படிச் சுற்றுகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 10,000 கிலோ பஸ்ஸின் எடை 98,000 நியூட்டன். நேராகத் தூக்க அவ்வளவும் வேண்டும். 20 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரும் சாய்வில், ஈர்ப்பு பின்னால் இழுக்கும் பங்கு 4,900 நியூட்டன் மட்டுமே. விசையில் மிச்சம் பிடித்ததைத் தொலைவில் கட்டிவிடுகிறோம். வீட்டில் பலகையைச் சாய்த்து, பொம்மைக் காரை ரப்பரால் இழுத்தால், சாய்வு கூடக் கூட ரப்பர் நீள்வதைப் பார்க்கலாம்.

மலைமேல்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் நகரம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. "உயரம் போகப் போக எடை குறையுமே, இங்கே நான் எடை குறைந்திருப்பேனா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. குறையும், ஆனால் பத்தாயிரத்தில் நான்கு பங்குக்கு மேல் போகாது. 40 கிலோ பிள்ளைக்கு, ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட்டைவிடக் குறைவு. மேலே வந்து பஜ்ஜி சாப்பிட்டால் ஈடாகிவிடும்.

இதே சின்ன வித்தியாசம் வேறு ஓரிடத்தில் காசாகும். கொலுசுக்கு வெள்ளி நிறுக்கும் மின்னணுத் தராசு அளப்பது விசையை, அதாவது எடையை. அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. சேலத்தில் சரிசெய்த நுட்பத் தராசை அப்படியே மலைமேல் கொண்டுவந்தால், 100 கிராம் வெள்ளிக்கு ஒரு கிராமில் நூறில் இரண்டு மூன்று பங்கு குறைத்துக் காட்டலாம். இடம் மாறினால் எடைக்கல் வைத்து மறுபடி சரிசெய்வது அதனால்தான். பழைய இரட்டைத் தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வெள்ளியும் படிக்கல்லும் ஒரே அளவில் இழுக்கப்படுகின்றன, அது ஒப்பிடுவது நிறையை. கிலோகிராம் நிறையின் அலகு, நியூட்டன் எடையின் அலகு. இதை மாற்றி எழுதுவதற்குத்தான் நான் அதிகமாகச் சிவப்பு மை செலவழித்திருக்கிறேன்.

ஏரியில் படகு விடுகிறார்கள். நியூட்டனின் மூன்றாம் விதியை நான் சொல்லித்தருவதும் அங்கேதான், அதில் என் மானமும் போயிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் படகிலிருந்து கரைத்திட்டுக்குத் தாவப்போனேன். முன்னால் போக வேண்டுமானால் காலால் படகைப் பின்னால் தள்ள வேண்டும். நான் தள்ளிய அதே விசையால் படகும் என்னை முன்னால் தள்ளியது. ஆனால் கட்டியிருக்காத படகு நழுவிப் பின்னால் போய்விட்டது. அடியெடுத்த கால் திட்டைத் தொடவில்லை. முழங்கால்வரை தண்ணீர், கைக்கடிகாரம் நின்றுபோனது. விசைகள் எப்போதும் சோடியாகவே வரும், அளவில் சமம், திசையில் எதிர். ஆனால் ஒன்று என் மேல், இன்னொன்று படகின் மேல். வெவ்வேறு பொருள்மேல் செயல்படுவதால் அவை ஒன்றையொன்று ரத்து செய்யா. "சமமும் எதிருமாக இருந்தால் எதுவுமே நகராதே?" என்ற பழைய சந்தேகத்துக்கு இதுவே பதில். ரத்து செய்வதைக் கணக்கிட வேண்டுமானால் ஒரே பொருளின் மேல் விழும் அம்புகளை மட்டும் கூட்ட வேண்டும். துடுப்பு தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, தண்ணீர் துடுப்பை முன்னால் தள்ளுகிறது. டயர் சாலையைப் பின்னால் தள்ளுகிறது, சாலை பஸ்ஸை முன்னால் தள்ளுகிறது. நடக்கும்போது உங்களை முன்னால் தள்ளுவதும் தரைதான்.

கடைசிப் படி: இறங்கும்போது அம்பு வரைவது

மாலையில் இறங்கும் பஸ்ஸில் பாட்டிலை முன்பின்னாகப் பார்த்து நம்பாதீர்கள். சரிவில் பாட்டிலும் பஸ்ஸோடு சாய்ந்துவிடும். நோட்டையும் பென்சிலையும் எடுங்கள்.

அம்பு வரைய இரண்டே கேள்விகள். முதலாவது: இந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பது எவை? தொடும் ஒவ்வொன்றும் ஒரு விசை தரலாம். இரண்டாவது: தொடாமல் இழுப்பது எது? பெரும்பாலும் பூமி ஒன்றுதான், காந்தம் பக்கத்தில் இருந்தால் அதுவும். இந்தப் பட்டியலில் இடம் பெறாத எதற்கும் அம்பு கிடையாது. 'ஓடும் விசை', 'வேகத்தின் விசை' என்று ஏதாவது வரைந்திருந்தால் அழித்துவிடுங்கள், தொடுகிறவர் யாரென்று காட்ட முடியாதவை அவை.

"ஏறிய கியரிலேயே இறங்கு" என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பாடம். சிறிய கியரில் எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இப்போது, இரண்டு வளைவுகளுக்கு நடுவே நேரான சரிவில், மணிக்கு 20 கிலோமீட்டரில் பஸ் சீராக இறங்குகிறது. பஸ்ஸை ஒரு பெட்டியாக வரையுங்கள். பூமி இழுக்கும் அம்பு செங்குத்தாகக் கீழே. சாலை தாங்கும் அம்பு, சாலைக்குச் செங்குத்தாக மேலே. காற்றும், எஞ்சின் பிடிப்பாலும் பிரேக்காலும் டயரில் சாலை தரும் உராய்வும் சரிவின் மேல்நோக்கி. மூன்று திசை அம்புகளையும் கூட்டினால் எவ்வளவு?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜன்னல் கம்பியில் நோட்டைச் சாய்த்து வரைந்துகொண்டே, "கீழே இறங்குகிறதே, கீழ்நோக்கி ஏதாவது மிஞ்ச வேண்டாமா?" என்றான். வேகம் மாறுகிறதா என்று கேட்டேன். ஓட்டுநரின் தோளுக்கு மேலே எட்டி முள்ளைப் பார்த்தான். இருபதிலேயே நின்றது. பென்சிலால் ஒரு சுழியத்தைப் போட்டுவிட்டு, அடுத்த வளைவு வருவதற்குள் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டான்.